ஊருணிக்குப் பட்டா கிடையாது

(காரைக்குடியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தியவர் ‘கணினி வல்லுநர்’ என்று சொன்னார். அவ்வளவு பெரிய பட்டத்தை நான் தாங்கமாட்டேன். ஏணியும் துளைபோடும் மெஷினும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் கேபிள் இழுத்து வைஃபை பெட்டி மாட்டுகிறவன் நான். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூசி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நம் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் ஆச்சி இருப்பது இரண்டாங்கட்டில். மகன் இருப்பது சிங்கப்பூரில். வைஃபை பெட்டி இருந்ததோ முகப்பில். ஃபைபர் இழுத்து வந்தவர் வாசலைத் தாண்டியதும் கண்ணில் பட்ட முதல் ஆணியில் அதை மாட்டிவிட்டுப் போய்விட்டார். மகன் வீடியோவில் வந்தால் முகம் அப்படியே உறைந்து நிற்கும், குரல் மட்டும் விட்டு விட்டு வரும். போனில் புகார் சொன்னதற்கு “பிளானைக் கூட்டிக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்திருக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கியும் பார்த்துவிட்டார்கள். மாதப் பணம் கூடியது, மகன் முகம் அசையவில்லை. நான் போனதும் ஆச்சி கேட்டார்கள்:

“தம்பி, நான் மாசாமாசம் பணம் கட்டுறது முகப்புக்கு மட்டுமா?”

இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பணம் கட்டுவது எதற்கு என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். தெருவிலிருந்து பெட்டி வரை வருவது ஃபைபர். அதற்குத்தான் ஆச்சி பணம் கட்டுகிறார்கள். பெட்டியிலிருந்து கையில் இருக்கும் போன் வரை போவது காற்று. அதற்கு யாரும் பணம் கட்டுவதில்லை, கட்டவும் முடியாது. ரேடியோ நிலையம், செல்போன் கம்பெனி எல்லாம் தங்கள் அலைவரிசைக்கு அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். வைஃபைக்கு மட்டும் அது வேண்டாம். 1985-ல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்காக ஒதுக்கியிருந்த, மற்றவர்கள் குப்பை என்று ஒதுங்கிய பகுதி அது. அந்தத் திறப்பிலிருந்து 1997-ல் வைஃபையின் முதல் தர விதி வந்தது. அன்றைய வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும் பகுதியை 2018-லும் இப்படி உரிமம் இல்லாமல் திறந்துவிட்டார்கள். பெட்டியின் சக்திக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: ஊருணி. ஊருணிக்குப் பட்டா கிடையாது. குடம் கொண்டுவந்தவர் எல்லாம் மொள்ளலாம். ஆனால் ஒரு படித்துறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்க முடியும்.

அந்தக் கடைசி வரி உவமைக்காகச் சொன்னது அல்ல, வைஃபை வேலை செய்யும் விதமே அதுதான். உங்கள் வீட்டில் பத்து கருவிகள் இருந்தாலும் ஒரு சேனலில், அதாவது ஒரு படித்துறையில், ஒரு நொடித்துளியில் ஒன்றுதான் பேசலாம். ஒவ்வொன்றும் பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். அமைதியானதும் ஒரு சின்ன இடைவெளி விட்டுத் தன் துண்டுச் செய்தியைச் சொல்லும். பக்கத்து வீட்டுப் பெட்டி அதே சேனலில் பேசினாலும் உங்கள் வீட்டு போன் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கும். யார் வீட்டு போன், யார் கட்டிய பணம் என்று காற்றுக்குத் தெரியாது.

சரி, வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் வாய் அகன்ற அண்டா. மூழ்கடித்தார், நிரம்பியது, போய்விட்டார். அடுத்தவர் கையில் குறுகிய வாய்க் கூஜா. அது குளுகுளுவென்று நிரம்பும்வரை பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். பெட்டியின் அருகில் இருக்கும் போன் தெளிவாகக் கேட்பதால் வேகமாகப் பேசும், நொடிக்கு 300 மெகாபிட் என்று வையுங்கள். இரண்டாங்கட்டில் இருக்கும் போனுக்குச் சரியாகக் கேட்காது. அதனால் அது நிறுத்தி நிதானமாக, நொடிக்கு 6 மெகாபிட் என்று பேசும். இரண்டும் ஒரே அளவுத் துண்டை அனுப்பினால் தூரத்துப் போன் காற்றைப் பிடித்துக்கொள்ளும் நேரம் 50 மடங்கு. 2003-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதினார்கள்: மெதுவான ஒரு கருவி இருந்தால், வேகமான கருவிகளும் அதன் மட்டத்துக்கு இறங்கிவிடுகின்றன.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. தூரமும் வேகமும் இரண்டு தனித்தனி நோய்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். “எனக்கு முகப்பிலேயே வேகம் இல்லை, இரண்டாங்கட்டைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்” என்று ஆச்சியின் பேரன் சொன்னான். முகப்பில் அவனுக்கு வேகம் குறைந்ததற்கே இரண்டாங்கட்டில் தடுமாறிய ஆச்சியின் போனும் ஒரு காரணம். கடைசி அறையைச் சரிசெய்தால் முதல் அறையும் சரியாகும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்படிச் சத்தமாகப் பேசுவது’ என்பதல்ல. ‘ஒவ்வொருவரும் எப்படிச் சீக்கிரம் பேசி முடிப்பது’ என்பதுதான்.

முதல் செட்டிங் எந்தத் திரையிலும் இல்லை. அது பெட்டி இருக்கும் இடம்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் ஒரு வேடிக்கை காட்டினார். கம்பி எதுவும் இல்லாமல், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி, அந்தப் பக்கத்தில் மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார். அலை சுவரைத் தாண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சும்மா தாண்டாது, சுங்கம் கட்டிவிட்டுத்தான் தாண்டும். சாதாரணச் செங்கல் சுவர் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்வதும் உண்டு. நம் பழைய வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். இரும்புப் பீரோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் குடித்துவிடும். பெட்டிக்குப் பின்னால் மீன்தொட்டி, பக்கத்தில் ஃபிரிட்ஜ், எதிரில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ரசம் பூசியிருக்கிறதே, அது உலோகம்தான்.

திரும்பி வரும் அலையைப் பற்றி ஒரு கதை. பெரிய ஹாலில் கைதட்டினால் எதிரொலி வருவதுபோல், அறைக்குள் ரேடியோ அலையும் சுவர் சுவராக மோதிக் குழம்பும். அதிவேக வைஃபைக்கு நெடுநாள் தடையாக நின்றது இந்தக் குழப்பம். ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜான் ஓ’சல்லிவன் என்ற வானொலி வானியலாளர் இருந்தார். ஆவியாகி வெடிக்கும் கருந்துளைகளின் சிக்னலை 1970களில் தேடியவர். வானத்தில் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் கலங்கிய சிக்னலைத் தெளிவாக்கும் கணித வழிகளில் கை தேர்ந்துவிட்டார். 1990களில் அவரும் அவருடைய குழுவினரும் அந்த அறிவைக் கொண்டு அறைக்குள் எழும் எதிரொலியைச் சமாளிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆகவே கொஞ்சம் எதிரொலியை உங்கள் பெட்டி தாங்கும். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் மட்டும் கருந்துளையைத் தேடிய ஆளாலும் காப்பாற்ற முடியாது.

ஆக, பெட்டி வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் இருக்கட்டும். வளவு இருக்கிற வீடு பாக்கியம் செய்த வீடு. முற்றத்தின் வெட்டவெளியில் அலைக்குச் சுங்கம் இல்லை. தாழ்வாரத்தில் வைத்த பெட்டி, முற்றத்தைத் தாண்டி எதிர்ப்பக்க அறைகளை எளிதில் எட்டும். ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தி வையுங்கள். குச்சியின் முனையிலிருந்து அலை பீய்ச்சி அடிக்கும் என்று நினைத்து அறையைப் பார்த்துச் சாய்ப்பார்கள். உண்மை நேர்மாறு. குச்சியைச் சுற்றி உளுந்து வடை மாதிரி அலை பரவும், முனைப் பக்கத்தில்தான் மிகக் குறைவு. மாடி வீடு என்றால் ஒரு குச்சியை மட்டும் படுக்கவையுங்கள்.

இப்போது திரைக்கு வருவோம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 192.168.1.1 என்பது போல ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். போன் பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம். அந்தப் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள். இப்போது இருக்கிற அமைப்புகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

பெட்டிக்குள் இரண்டு ஊருணி இருக்கிறது என்று வையுங்கள். 2.4 தூரம் போகும், ஆனால் சிறியது, கூட்டம் அதிகம். புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸ் பெரியது, வேகம் அதிகம், ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். டிவியும் லேப்டாப்பும் பெட்டி இருக்கும் அறையிலேயே இருந்தால் 5-ல் போடுங்கள். தெருவாசல் கேமராவும், தூரத்து அறையும் 2.4-ல் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போன் தானே தேர்ந்துகொள்ளும். பெட்டி எதிரில் உட்கார்ந்தும் போன் 2.4-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் பெயரைப் பிரியுங்கள்.

அடுத்தது சேனல். 2.4 ஊருணியில் 1 முதல் 13 வரை படிக்கு எண் எழுதியிருக்கிறது. ஆனால் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். இறங்குகிறவருக்கு வேண்டிய அகலமோ 20, ஓரத்தில் கொஞ்சம் இடமும் விட வேண்டும். ஆகவே ஒருவர் தோளில் ஒருவர் இடிக்காமல் இறங்கக்கூடிய படித்துறைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. “எல்லாரும் 6-ல் இருக்கிறார்கள், நான் புத்திசாலியாக 4-ல் போகிறேன்” என்பவர் 1-ல் இருப்பவரையும் இடிக்கிறார், 6-ல் இருப்பவரையும் இடிக்கிறார். 6-லேயே போனாலாவது ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்து முறை வைத்துக்கொள்வார்கள். 4-லிருந்து வருவது அவர்கள் காதில் வெறும் இரைச்சலாகத்தான் விழும். போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, இந்த மூன்றில் எங்கே கூட்டம் குறைவு என்று பார்த்து அங்கே நில்லுங்கள்.

சேனல் அகலம் என்று ஒரு செட்டிங் இருக்கும்: 20, 40, 80. அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் 2.4-ல் 40 போட்டவர் மூன்று படித்துறையில் இரண்டை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் அதில் லாபம் இல்லை. இரண்டு வரிசையிலும் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும், இரைச்சலும் சேர்ந்து வரும். 2.4-ல் 20 போதும். 5-ல் தாராளமாக 80 போடலாம். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் என்றால் 40. தூரத்து அறைக்கும் 5-தான் வேண்டும் என்றால் அகலத்தைக் குறைத்துப் பாருங்கள். அதே சக்தி குறுகிய இடத்தில் குவிவதால் கொஞ்சம் கூடுதலாக எட்டும்.

பாதுகாப்பு என்ற பக்கத்தில் வேகத்தைத் தின்னும் பூச்சி ஒன்று ஒளிந்திருக்கிறது. பழைய பெட்டிகளில் குறியாக்க முறை டிகேஐபி என்று இருந்தால், புதிய வேகங்கள் எதுவும் திறக்காது. நொடிக்கு 54 மெகாபிட்டோடு நின்றுவிடும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். கருவிகள் ஏற்றால் டபிள்யூபிஏ3. ஒரே சொடுக்கில் சில வீடுகளுக்கு நான் வேகம் கூட்டிக் கொடுத்து மந்திரவாதிப் பெயர் வாங்கியது இப்படித்தான்.

பெட்டியின் சக்தியைக் கூட்டும் செட்டிங்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வீடியோ அழைப்பு என்பது இருவழிப் பேச்சு. பெட்டி ஒலிபெருக்கி வைத்துக் கத்தினாலும் பதில் சொல்ல வேண்டியது சின்ன பேட்டரி உள்ள போன். அதன் குரல் அதே குரல்தான். போனில் கோடு முழுதாகக் காட்டும், பேச்சு மட்டும் நகராது. கத்துவது அவசியமும் இல்லை. பெட்டியிலிருந்து கிளம்பும் சக்தி சுமார் 100 மில்லிவாட். நல்ல வீடியோ அழைப்புக்குப் போன் வரை வந்து சேர வேண்டியது ஒரு மில்லிவாட்டில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. செயலியில் அதை –67 டிபிஎம் என்று காட்டும். –50 அருமை, –67 நன்று, –80 என்றால் கூஜா என்று புரிந்துகொள்ளுங்கள். இந்த ஓர் எண் கோடுகளைவிட நம்பகமானது.

இடமும் மாற்றி, சேனலும் மாற்றி, இன்னும் கடைசி அறை –80 என்றால்? கடையில் பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் தருவார்கள். சில வீட்டுக்கு அது போதும். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு முறை வரிசை. வேகம் ஏறக்குறைய பாதி. அதிலும் பலர் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே சொருகுவார்கள். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும்.

என் கட்சி கம்பிக் கட்சி. முதல் பெட்டியிலிருந்து ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, கடைசிக் கட்டில் இரண்டாவது பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக, சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். கேபிளின் நுனியில் எட்டுக் கம்பியும் மாட்டியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நாலு கம்பி மட்டும் மாட்டினால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பெட்டியின் துளையே 100-க்கானது என்றாலும் அதே கதைதான். இரண்டு பெட்டி வந்தபின் இரண்டின் சக்தியையும் ஒரு படி குறையுங்கள். இல்லாவிட்டால் போன், முகப்புப் பெட்டியை விட மனசில்லாமல் இரண்டாங்கட்டு வரை இழுத்துக்கொண்டே வரும். குறைத்துப் பேசினால் பரப்பு கூடுகிற இடம் இது.

எது பழுது என்று கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி: முதலில் லேப்டாப்பைக் கேபிளில் நேராக மாட்டி வேகம் பாருங்கள். அதுவே குறைவு என்றால் குற்றம் ஃபைபர்காரர் பக்கம், அவரைக் கூப்பிடுங்கள். அங்கே சரி, பெட்டி எதிரில் வைஃபையில் குறைவு என்றால் செட்டிங். எதிரில் சரி, உள்ளே குறைவு என்றால் சுவர். இன்னொன்று, 200 எம்பிபிஎஸ் பிளானில் படம் இறங்கும்போது நொடிக்கு 25 எம்பி என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே பிட், இங்கே பைட். எட்டால் வகுத்தால் கணக்கு சரியாக வரும்.

ஆச்சி வீட்டுக்குத் திரும்புவோம். நான் போய் அளந்தபோது இரண்டாங்கட்டில் –84. பெட்டியை முகப்பு ஆணியிலிருந்து இறக்கி, வளவுத் தாழ்வாரத் தூண் ஓரம் உயரத்தில் வைத்தோம். –73 ஆனது. தாழ்வார ஓரமாகவே கேபிள் இழுத்து இரண்டாங்கட்டில் இன்னொரு பெட்டி வைத்தோம். –52. பேரன் முகப்பில் உட்கார்ந்து வேகம் பார்த்துவிட்டு, “இங்கேயும் கூடியிருக்கு” என்றான். பிளானை மறுபடி 100-க்கே இறக்கச் சொன்னேன். அந்த வீட்டுக்கு அது போதும்.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். இரண்டாங்கட்டில் 2.4-ல் இரைச்சல். பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெட்டி 3-ல், அதுவும் 40 அகலத்தில். என் வேலை அந்தச் சுவரோடு முடிந்தது. அடுத்த வீட்டுக்காரர் பெட்டியை நான் எப்படித் தொடுவது? ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதிகூட அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது. கொல்லைப் பக்கம் போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

“இந்தத் தம்பி என்னமோ சொல்லுது. நீங்க ஒண்ணுல இருங்க, நாங்க பதினொண்ணுல இருக்கோம். ரெண்டு வீட்டுக்கும் நல்லதாம்.”

பத்து நிமிடத்தில் அந்த வீட்டுப் பையன் தானே வந்து என்னை அழைத்துக்கொண்டு போனான். இரண்டு வீட்டிலும் அன்று வேலை முடிந்தது. இரண்டாவது வீட்டில் நான் காசு வாங்கவில்லை, காபி வாங்கிக் குடித்தேன்.

இத்தனை வருடத்தில் நான் மாற்றிய செட்டிங்குகளில் எந்தத் திரையிலும் இல்லாதவை இரண்டு. ஒன்று, பெட்டி இருக்கும் இடம். இன்னொன்று, அன்றைக்கு ஆச்சி கொல்லைச் சுவர் ஓரம் நின்று மாற்றியது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் முதலில் பீரோ மேல் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இறக்குங்கள். நாளைக் காலையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும்போது அவர் எந்த எண்ணில் இருக்கிறார் என்று கேளுங்கள்.